சின்ன கிராபிக்ஸ் கார்டு: முதலில் காற்று, அப்புறம் வேகம்

போன வருடம் கத்திரி வெயில் நேரத்தில் மதுரையில் இருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ராத்திரி பத்து மணிக்கு மேல கேம் நல்லா ஓடுது. மத்தியானம் அதே கேம், அதே செட்டிங், திணறித் திணறி ஓடுது. கார்டு போயிடுச்சா?" கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுடையது மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை. மதியம் அறைக்குள்ளேயே 36 டிகிரி, இரவில் 30. கார்டு உறிஞ்சும் காற்று ஆறு டிகிரி சூடாகியிருந்தது, அவ்வளவுதான்.

அவனிடம் இருப்பது, கம்ப்யூட்டரில் கேம் படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டுகளில் ஒன்றான என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650. 2019 ஏப்ரலில் வந்தது, 4 ஜிபி மெமரி. 2022 இறுதியில், கேம் விற்கும் தளமான ஸ்டீமின் கணக்கெடுப்பில் உலகிலேயே அதிகம் பேர் பயன்படுத்தும் கார்டாக முதலிடத்துக்கு வந்தது இதுதான். குறைந்த விலை, பல வடிவங்களுக்குத் தனி மின்கேபிள் தேவையில்லை, பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில்கூடச் சொருகலாம் என்பதால் நம் ஊரிலும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதனால் இதையே உதாரணமாக வைத்து, ஓவர்கிளாக், அதாவது தொழிற்சாலை வைத்த வேகத்தைவிடக் கார்டைக் கூடுதல் வேகத்தில் ஓடவைப்பதை, எதில் தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன். 1050 டிஐ, 1660, 3050 வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

பெரும்பாலான வீடியோக்களில் மென்பொருளில் வேகத்தைக் கூட்டும் ஸ்லைடரை வலது பக்கம் இழுப்பதில்தான் பாடம் ஆரம்பிக்கிறது. நம் வெயிலுக்கு அந்த வரிசை சரிப்படாது. சின்ன கார்டில் வேகம் கிடைக்கும் வரிசை இது: தூசி, காற்றோட்டம், ஃபேன் வேகம், வோல்டேஜ், மெமரி, கடைசியாகக் கோர் (படம் வரையும் சிப்பின் வேகம்).

கார்டு தன் வேகத்தை எப்படி முடிவு செய்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். 1650-இன் பெட்டியில் பூஸ்ட் வேகம் 1665 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும். ஆனால் கேம் ஓடும்போது பார்த்தால் 1750, 1800 என்று அதைத் தாண்டித்தான் ஓடும். கார்டு ஒவ்வொரு கணமும் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: எவ்வளவு சூடு, எவ்வளவு மின்சாரம், எவ்வளவு வோல்டேஜ். மூன்றிலும் இடம் இருந்தால் தானாகவே வேகத்தைக் கூட்டும். ஏதாவது ஒன்று எல்லையைத் தொட்டால் குறைக்கும். இந்தத் தலைமுறை கார்டுகளில் 15 மெகாஹெர்ட்ஸ் கொண்ட சிறு படிகளாக ஏறி இறங்கும். சூட்டால் வேகம் குறைவது 83 டிகிரியில்தான் தொடங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு வெகு முன்பே, கார்டு வெதுவெதுப்பாகும்போதே ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பித்துவிடும்.

மின்சாரக் கணக்குதான் சின்ன கார்டில் முக்கியம். தனி மின்கேபிள் இல்லாத 1650 தனக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் மதர்போர்டு ஸ்லாட்டில் இருந்தே எடுக்கிறது. ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். அதிலும் 12 வோல்ட் கம்பியில் வருவது 66 வாட்தான். அதற்கு மேல் கேட்க வழியில்லை. சிப் சூடாக இருந்தால், அதே வேலைக்கே கூடுதல் மின்சாரம் கசிந்து வீணாகும். ஆக, 82 டிகிரியில் ஓடும் சிப் தன் 75 வாட்டில் ஒரு பங்கை வீணாக்கிவிட்டு மீதியில்தான் படம் வரைகிறது. அதை 70-க்குக் கொண்டுவந்தால், ஒரு ஸ்லைடரையும் தொடாமலே வேகம் கூடும். குளிர்விப்பதே பாதி ஓவர்கிளாக் என்று நான் சொல்வது இதனால்தான்.

முதலில் அளந்து எழுதுங்கள்

மூன்று மென்பொருள்கள் போதும், எல்லாம் இலவசம். வேகத்தையும் ஃபேனையும் மாற்ற எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், கார்டின் விவரங்களைப் பார்க்க ஜிபியு-இசட், கார்டுக்கு வேலை கொடுத்துச் சோதிக்க யூனிஜின் ஹெவன். ஆஃப்டர்பர்னர் எந்த நிறுவனத்துக் கார்டிலும் வேலை செய்யும், எம்எஸ்ஐ கார்டாக இருக்க வேண்டியதில்லை. ஒன்றே ஒன்று: எம்எஸ்ஐ-யின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். அச்சு அசலாக அதே மாதிரி போலித் தளம் வைத்து வைரஸ் பரப்புகிறார்கள் என்று 2021-லேயே அந்த நிறுவனம் எச்சரித்தது. தேடலில் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம், முகவரியைப் பார்த்து அழுத்துங்கள்.

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அறையின் வெப்பம், நேரம், கார்டின் வெப்பம், ஃபேன் சதவீதம், கோர் வேகம், ஹெவனில் விநாடிக்குச் சராசரியாக எத்தனை ஃப்ரேம் (படம்). ஹெவனை 20 நிமிடம் ஓடவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில் தெரியும் எண்களை எழுத வேண்டும். முதல் ஐந்து நிமிட எண்கள் ஏமாற்றும், ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வாங்கும் உலோகத் தகடுகள்) அப்போது இன்னும் சூடேறிக்கொண்டிருக்கும். அக்கா மகன் கார்டில் முதல் நாள் மதியம் எழுதியது: அறை 36, கார்டு 82, ஃபேன் 70 சதவீதம், கோர் 1695, சராசரி 45 ஃப்ரேம்.

அறை வெப்பத்தை எழுதாமல் விடாதீர்கள். ஃபேன் ஒரே வேகத்தில் ஓடினால், அறையில் ஒரு டிகிரி ஏறினால் கார்டிலும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். குளிரூட்டிய அறையில் 22 டிகிரியில் சோதித்துவிட்டு "68 டிகிரிதான் வருகிறது" என்று யாராவது சொன்னால், உங்கள் அறையில் அது 82 என்று கூட்டிக்கொள்ளுங்கள்.

ஜிபியு-இசட்டின் சென்சார் பக்கத்தில் பெர்ஃப்கேப் ரீசன் என்று ஒரு வரி இருக்கிறது. கார்டு இந்த நிமிடம் ஏன் இன்னும் வேகமாக ஓடவில்லை என்பதற்கான காரணத்தை அது காட்டும்: மின்சாரமா, வெப்பமா, வோல்டேஜா. டாக்டர் முதலில் நாடி பார்ப்பது போல நான் முதலில் பார்ப்பது இந்த வரியைத்தான். அக்கா மகன் கார்டில் இரவில் மின்சாரம் என்றும், மதியம் வெப்பமும் மின்சாரமும் மாறி மாறியும் காட்டியது.

தூசி

கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சம் இருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை கையால் தொடுங்கள். கார்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி, ஸ்லாட்டின் முனையில் இருக்கும் கொக்கியை விலக்கிவிட்டு கார்டை நேராக மேலே இழுக்க வேண்டும். கொக்கியை மறந்துவிட்டு இழுத்துத்தான் பலர் ஸ்லாட்டை உடைக்கிறார்கள்.

மேலே இருந்து பார்த்தால் கார்டு சுத்தமாகவே தெரியும். ஃபேன் இறக்கைகளுக்கு இடையில் டார்ச் அடித்துப் பாருங்கள். அலுமினியத் தகடுகளின் மேல், ஃபேனுக்கு நேர் கீழே, சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம் இருக்கும். துணி நூல், தலைமுடி, சாலைப் புழுதி எல்லாம் சேர்ந்து அடை அடையாகப் படிந்தது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றினாலும் காற்று அந்தக் கம்பளியில் மோதித் திரும்பிவிடும். அக்கா மகன் கார்டில் அதை ஒரு குச்சியால் நெம்பியபோது மூன்று விரல் அகலத்துக்கு ஒரே துண்டாகக் கழன்று வந்தது.

ஓர் அங்குல பெயின்ட் பிரஷ் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு விரலால் ஃபேனை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுகையால் துடையுங்கள். பிறகு கை ப்ளோயரால் ஊதலாம், அப்போதும் ஃபேனைப் பிடித்தே இருக்க வேண்டும். காற்றில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் தேயும், மோட்டாரே ஜெனரேட்டராக மாறி போர்டுக்குள் மின்சாரத்தைத் தள்ளும். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் காட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்த டாங்கின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும், காற்றோடு சேர்ந்து போர்டில் தெறிக்கும். வீட்டு வாக்குவம் கிளீனரும் வேண்டாம், அதன் பிளாஸ்டிக் முனையில் நிலைமின்சாரம் சேரும்.

ஃபேன் கரகரவென்று சத்தம் போட்டால், நடுவில் இருக்கும் ஸ்டிக்கரை மெதுவாகப் பாதி உரித்துப் பாருங்கள். சில ஃபேன்களில் அடியில் ரப்பர் மூடியும் எண்ணெய்க் குழியும் இருக்கும். தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டு மூடினால் பல மாதம் அமைதியாக ஓடும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், இறுகிவிடும். குழியே இல்லாத மூடிய ஃபேன் என்றால் மாற்றத்தான் வேண்டும். அப்போது ஃபேனைக் கழற்றி கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். சென்னையில் ரிச்சி தெரு மாதிரி இடங்களில் கார்டு பெயரைச் சொல்லிக் கேட்டால் கிடைக்காது. ஃபேனின் பின்புறம் அச்சிட்டிருக்கும் மாடல் எண், ஸ்க்ரூ துளைகளுக்கு இடையே உள்ள தூரம், கனெக்டரில் எத்தனை பின், இந்த மூன்றும் பொருந்த வேண்டும்.

கேபினெட்டா, கார்டா?

தூசி எடுத்த பின் ஒரு சின்னச் சோதனை. கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி வைத்து ஹெவனை மறுபடியும் 20 நிமிடம் ஓட்டுங்கள். கதவு மூடியிருந்ததைவிட ஐந்து டிகிரிக்கு மேல் குறைந்தால் உங்கள் பிரச்சினை கேபினெட்டில் இருக்கிறது. ஒன்றிரண்டு டிகிரிதான் குறைகிறது என்றால் கேபினெட் நன்றாகவே இருக்கிறது, அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

கேபினெட்தான் காரணம் என்றால், முன்பக்கம் கீழே ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன், காற்றை உள்ளே இழுக்கும் திசையில். பின்பக்கம் மேலே ஒன்று, வெளியே தள்ளும் திசையில். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி மூடிய அழகு கேபினெட்டுகளில் காற்று உள்ளே போக ஓரத்தில் ஒரு சந்துதான் இருக்கும். அந்தக் கண்ணாடியை ஓர் அரை அங்குலம் தள்ளிப் பொருத்தினாலே வித்தியாசம் தெரியும். கம்ப்யூட்டர் டேபிளின் கதவு வைத்த அறைக்குள் கேபினெட்டை வைத்திருந்தால் இன்றே வெளியே எடுங்கள். கேபினெட்டின் அடியில் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) காற்று இழுக்கும் இடத்தை ஜமுக்காளம் மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அக்கா மகன் வீட்டில் தூசி எடுத்து, முன்னால் ஒரு ஃபேன் போட்டு, மறுநாள் அதே நேரம் அளந்தோம். அறை 36, கார்டு 74, கோர் 1755. மென்பொருளில் இன்னும் ஒன்றையும் தொடவில்லை.

தெர்மல் பேஸ்ட்: எல்லோருக்கும் வேண்டாம்

சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்த இரண்டுக்கும் நடுவில் தடவியிருப்பதுதான் தெர்மல் பேஸ்ட். மூன்று வருடம் தாண்டிய கார்டில் அது காய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். ஹெவனைத் தொடங்கிய சில விநாடிகளில் வெப்பம் 45-இல் இருந்து 70-க்குத் தாவி, நிறுத்தியவுடன் அதே வேகத்தில் விழுந்தால், சிப்பின் சூடு ஹீட்சிங்குக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். நிதானமாக ஏறி நிதானமாக இறங்கினால் பேஸ்ட் நன்றாக இருக்கிறது, அதைக் கழற்றாதீர்கள். வாரண்டி இருக்கும் கார்டையும் கழற்றாதீர்கள். பின்பக்க ஸ்க்ரூ ஒன்றின் தலையில் சின்ன ஸ்டிக்கர் இருக்கும், அது கிழிந்திருந்தால் வாரண்டிக்குப் போகும்போது வாக்குவாதம்தான் மிஞ்சும்.

கழற்றுவதாக இருந்தால்: சிப்பைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த நான்கு ஸ்க்ரூக்களையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஹீட்சிங்கை வெடுக்கென்று தூக்காதீர்கள், ஃபேன் வயர் போர்டோடு இணைந்திருக்கும். முதலில் மெதுவாக ஒரு பக்கம் திருப்பி பேஸ்டின் பிடியைத் தளர்த்தி, ஓர் அங்குலம் தூக்கி, ஃபேன் கனெக்டரை நகத்தால் நெம்பிக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் போர்டில் இருக்கும் பாதியும் சேர்ந்து வந்துவிடும்.

உள்ளே கண்ணாடி மாதிரி மின்னும் சதுரம்தான் சிப். 1650-இல் அது 200 சதுர மில்லிமீட்டர், கட்டைவிரல் நகம் அளவு. 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் விடாத துணியால் பழைய பேஸ்டைத் துடையுங்கள். புதிய பேஸ்ட் இரண்டு அரிசி அளவு போதும். பிராசஸருக்கு நடுவில் ஒரு பொட்டு வைத்தால் மேலே இருக்கும் உலோக மூடி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இங்கே மூடி இல்லை, சிப்பே வெளியே இருக்கிறது. ஒரு மூலையில் பேஸ்ட் படாவிட்டாலும் அந்த இடம் தனியாகச் சூடேறும். அதனால் பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் சதுரம் முழுவதும் மெல்லியதாகத் தடவிவிடுங்கள்.

மெமரி சில்லுகள் மேல் மெத்தென்ற பேட்கள் ஒட்டியிருந்தால் அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். கிழிந்தால் அதே தடிமனில்தான் மாற்ற வேண்டும். அரை மில்லிமீட்டர் தடிமன் கூடினாலும் ஹீட்சிங்க் சிப்பைத் தொடாமல் மேலே நின்றுவிடும். ஒருமுறை நேரம் இல்லாமல் என் கார்டை ஒரு கடையில் பேஸ்ட் மாற்றக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது சிப் 68 டிகிரி என்று அழகாகக் காட்டியது, ஆனால் கேமில் கலர் கலராகப் புள்ளிகள். வீட்டில் பிரித்துப் பார்த்தால் இரண்டு மெமரி சில்லுகளின் மேல் பேட் இல்லவே இல்லை. அன்றிலிருந்து கழற்றும் முன் நான்கு பக்கமும் போன் கேமராவில் படம் எடுத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

ஃபேன் வளைவு

கார்டோடு வரும் ஃபேன் அமைப்பு சத்தம் வரக்கூடாது என்பதற்காகப் போட்டது. ஆஃப்டர்பர்னரின் செட்டிங்ஸில் ஃபேன் பகுதிக்குப் போய் நாமே வரையலாம். நான் போடுவது: 45 டிகிரி வரை 35 சதவீதம், 60-இல் 55, 70-இல் 75, 78-க்கு மேல் முழு வேகம். அங்கேயே ஹிஸ்டரிசிஸ் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் 4 போடுங்கள். இல்லாவிட்டால் 69-க்கும் 70-க்கும் இடையில் ஃபேன் ஏறி இறங்கி ஏறி இறங்கி உயிரை எடுக்கும்.

முழு வேகத்தில் ஓடினால் ஃபேன் சீக்கிரம் தேயுமே என்று கேட்பார்கள். தேயும்தான். ஃபேனை மாற்ற சில நூறு ரூபாய் ஆகும், சிப்பை மாற்ற முடியாது.

வோல்டேஜைக் குறைத்து வேகத்தைக் கூட்டுவது

கேட்கும்போது நம்ப முடியாது, ஆனால் சின்ன கார்டுக்கும் நம் வெயிலுக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் சிப் செய்கிறார்கள், எல்லாம் ஒரே தரத்தில் வராது. மிக மோசமான சிப்பும் தடுமாறாமல் ஓடவேண்டும் என்று எல்லாவற்றுக்கும் கொஞ்சம் தாராளமாகவே வோல்டேஜ் வைத்துவிடுகிறார்கள். உங்கள் சிப்புக்கு அவ்வளவு தேவைப்படாது. மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு (அதை அதாலேயே பெருக்கிய எண்ணோடு) மாறும். 1 வோல்ட்டில் ஓடுவதை 0.9 வோல்ட்டுக்கு இறக்கினால், அதே வேகத்துக்குச் செலவு 100-க்கு 81 ஆகிவிடும். மிச்சமாகும் 19 பங்குதான் நாம் வேகமாக மாற்றப்போவது.

ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோலும் எஃப்-உம் சேர்த்து அழுத்தினால் ஒரு வளைவு திறக்கும். கீழே வோல்டேஜ், பக்கத்தில் வேகம். ஹெவனைப் பின்னால் ஓடவிட்டு, கார்டு சூடாக இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். குளிர்ந்த கார்டில் வரைந்தால், சூடானதும் வளைவு ஒன்றிரண்டு படி இறங்கிவிடும்.

முதலில் பிரதானத் திரையில் கோர் கிளாக்கை 200 குறைத்து அப்ளை செய்யுங்கள், வளைவு மொத்தமாகக் கீழே இறங்கும். பிறகு வளைவில் 900 மில்லிவோல்ட் இருக்கும் புள்ளியைப் பிடித்து 1785-க்குத் தூக்கி மறுபடி அப்ளை. 900-க்கு வலப்பக்கம் இருக்கும் புள்ளிகள் எல்லாம் தரைமட்டமாக ஒரே கோட்டில் வந்துவிடும். இனி கார்டு 900 மில்லிவோல்ட்டைத் தாண்டாது, அதிலேயே 1785-இல் நிற்கும்.

அரை மணி நேரம் தடுமாறாமல் ஓடினால் புள்ளியை 1800, 1815 என்று ஒவ்வொரு படியாக ஏற்றிப் பாருங்கள். தொங்கினால் ஒரு படி இறக்குங்கள். அக்கா மகன் கார்டு 900-இல் 1830 வரை போனது, 1845-இல் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) விழுந்தது, 1815-இல் நிறுத்தினோம். உடைந்த இடத்துக்கும் நிறுத்தும் இடத்துக்கும் இடையில் இரண்டு படி விடுவது என் வழக்கம். மார்கழியில் ஓடியது சித்திரையிலும் ஓட வேண்டுமே.

மெமரி

1650-இன் உண்மையான இறுக்கம் இங்கேதான். 128 பிட் அகலம், 8 ஜிகாபிட் வேகம், மொத்தம் விநாடிக்கு 128 ஜிகாபைட். 2020-இல் இதே பெயரில் ஜிடிடிஆர்6 மெமரியோடு வந்த வகைக்கு 192 ஜிகாபைட். உங்களிடம் இருப்பது எது என்று ஜிபியு-இசட் முதல் பக்கத்திலேயே சொல்லும். பழைய ஜிடிடிஆர்5 வகையில் மெமரியைக் கொஞ்சம் தூக்கினாலும் பலன் நேரடியாகத் தெரியும்.

ஆஃப்டர்பர்னரில் மெமரி 4001 என்று காட்டும். 100 கூட்டி, ஹெவன் ஓட்டி, சராசரியை எழுதுங்கள். இன்னொரு 100. இப்படியே போகலாம், ஆனால் திரையில் புள்ளி வரும்வரை காத்திருக்காதீர்கள். ஜிடிடிஆர்5 மெமரி தன் தவறைத் தானே கண்டுபிடித்து அந்தத் தகவலை மறுபடி அனுப்பச் சொல்லும். அதனால் எல்லை தாண்டியதும் படம் கெடாது, வேகம்தான் குறையும். நோட்டில் சராசரி ஏறுவது நின்று இறங்க ஆரம்பிக்கும் இடம்தான் எல்லை. எங்களுக்கு 500 வரை ஏறியது, 600-இல் இறங்கியது. 400-இல் வைத்தோம். அதாவது 8.8 ஜிகாபிட், விநாடிக்கு 140.8 ஜிகாபைட், பத்து சதவீதம் கூடுதல்.

இந்தக் கார்டில் மெமரி வெப்பத்தைக் காட்டும் சென்சார் கிடையாது. மலிவான வடிவங்களில் மெமரி சில்லுகளை ஹீட்சிங்க் தொடுவதே இல்லை, ஃபேன் காற்றுதான் துணை. கோர் 65 டிகிரி என்று காட்டுவதை நம்பி மெமரியைக் கண்டபடி ஏற்றாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

கோர் ஸ்லைடரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வளைவு முறையில் அந்த வேலை முடிந்துவிட்டது. வளைவு பிடிக்கவில்லை என்பவர்கள் கோரை 50 கூட்டி, பிறகு 15, 15 ஆகப் போகலாம். தனி மின்கேபிள் இல்லாத கார்டில் பெரும்பாலும் பவர் லிமிட் ஸ்லைடர் 100-ஐத் தாண்டாது. அதை மீற கார்டின் பயாஸை (அதற்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றும் வழிகளைச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. செய்யாதீர்கள், 75 வாட் என்பது ஸ்லாட்டின் எல்லை, மதர்போர்டு கருகலாம். ஆறு பின் கனெக்டர் உள்ள 1650 என்றால் பவர் லிமிட்டைக் கொஞ்சம் ஏற்றலாம். ஆனால் அந்த ஆறு பின் எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து நேராக வரும் கேபிளாக இருக்க வேண்டும். பழைய ஹார்ட்டிஸ்க் கனெக்டரில் இருந்து மாற்றித் தரும் மலிவு அடாப்டர் இளகி உருகுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரியாக நிற்கிறதா?

ஹெவன் ஒரு மணி நேரம், பிறகு நீங்கள் உண்மையில் விளையாடும் கேம் இரண்டு மணி நேரம், அதுவும் மதியம். ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருள் வேண்டாம். எந்தக் கேமும் தராத சுமையை அது தரும், மலிவு கார்டின் மின்பகுதிக்கு அது தேவையில்லாத தண்டனை.

எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று பயப்பட வேண்டாம். திரை ஒரு கணம் கருத்து மறுபடி வரும். கார்டு இரண்டு விநாடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரைத் தானே மீட்டெடுத்துவிடும். அது நடந்த பின் கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டுத்தான் அடுத்த சோதனை. விண்டோஸ் தொடங்கும்போதே அமைப்பைப் போடச் சொல்லும் பட்டனை ஒரு வாரம் தொடாதீர்கள். தவறான எண்ணோடு அதை அழுத்திவிட்டால், ஒவ்வொரு முறையும் உள்ளே வந்தவுடன் தொங்கும். அப்படி மாட்டிக்கொண்டால் சேஃப் மோடில் போய் ஆஃப்டர்பர்னரை நீக்கிவிட்டால் கார்டு பழைய நிலைக்கு வந்துவிடும், எதுவும் கெடாது.

அக்கா மகன் கார்டில் கடைசி வரி: அறை 36, கார்டு 69, ஃபேன் 72 சதவீதம், கோர் 1815, மெமரி 4401, சராசரி 50 ஃப்ரேம். 45-இல் இருந்து 50. புதுக் கார்டு வாங்கிய மாதிரி இருக்காது. மதியம் திணறியது நின்றது, அவனுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 570, 580 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 செப்டம்பரில் எத்திரியம் மைனிங் (கார்டுகளை இரவு பகலாக ஓட்டி கிரிப்டோ நாணயம் ஈட்டுவது) நின்றதும் இவை பழைய சந்தையில் குவிந்தன. 580 என்றால் 185 வாட் கார்டு, வோல்டேஜ் குறைப்பின் பலன் இதில் இன்னும் அதிகம். ஏஎம்டியின் அட்ரினலின் மென்பொருளிலேயே செய்துவிடலாம், கடைசி நிலையின் வோல்டேஜை 25 மில்லிவோல்ட் வீதம் இறக்கிக்கொண்டே போங்கள். மைனிங்கில் ஓடிய கார்டு என்றால் முதலில் பேஸ்டையும் ஃபேனையும் பாருங்கள், பயாஸ் மாற்றியிருக்கிறார்களா என்றும் விற்பவரிடம் கேளுங்கள். லேப்டாப் என்றால் தூசி எடுப்பது, பின்பக்கத்தை அரை அங்குலம் தூக்கி வைப்பது, வளைவு, இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பல லேப்டாப்பில் பிராசஸருக்கும் கார்டுக்கும் ஒரே ஹீட்சிங்க், ஒன்றை ஏற்றினால் மற்றது தவிக்கும்.

டிரைவர் புதுப்பித்த பிறகு ஒருமுறை ஆஃப்டர்பர்னரைத் திறந்து வளைவு அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள், சில நேரம் பழைய நிலைக்குப் போய்விடும். தூசி எடுக்க நாள் குறிப்பதென்றால் பொங்கல் சுத்தத்தோடு ஒன்று, பங்குனிக் கடைசியில் ஒன்று. அந்த இரண்டு நாளும் ஹெவனை 20 நிமிடம் ஓட்டி, அதே நோட்டில் அடுத்த வரியில் எழுதுங்கள். அதே அறை வெப்பத்துக்குக் கார்டு போன முறையைவிட ஆறேழு டிகிரி கூடுதலாகக் காட்டினால் பிரஷை எடுக்க வேண்டியதுதான்.